மனம் ஓடினால் ஓடட்டும்
உளநலம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பத்து நாளாக விடிய ஐந்து மணிக்கு எழும்பி, கண்ணை மூடி மூச்சைக் கவனித்து வருகிறேன். மனம் அமைதியாகிற பாடில்லை. முன்பைவிட யோசினைதான் கூட ஓடுகிறது. சில நேரம் தலையும் சுற்றுகிறது. மகள் இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறாள், பதகளிப்பு முழுக்க எனக்கு. இது எனக்குச் சரிவராதா?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தலைச்சுற்றை முதலில் பார்ப்போம். நீங்கள் மூச்சைக் கவனிக்கவில்லை, பிடித்து இழுக்கிறீர்கள். தேவைக்கு மேல் ஆழமாக இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும். தலைச்சுற்று, விரல்நுனி விறுவிறுப்பு, உதட்டோரக் கூச்சம் எல்லாம் அதனால் வருபவை. மூச்சை அதன்பாட்டில் விடுங்கள். குட்டையாக வந்தால் குட்டையாகவே வரட்டும். இருந்தும் தலைச்சுற்று நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுத்தது யோசினை. அது கூடவில்லை. அடுப்படிச் சத்தம் ஓய்ந்ததும் பக்கத்து வீட்டு வானொலி கேட்கிறதல்லவா, அப்படித்தான் இதுவும்.

கதிரையில் சற்று முன்னுக்கு வந்து, முதுகைச் சாய்க்காமல் இருங்கள். இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படவேண்டும். கதிரை உயரமென்றால் காலுக்குக் கீழே ஒரு பலகை வையுங்கள். மூக்குநுனியில் படும் குளிர், வயிறு எழும்பித் தாழ்வது, இரண்டில் எது தெளிவாகத் தெரிகிறதோ அதை எடுங்கள். நடுவில் மாற்றவேண்டாம். மூச்சு வெளியே போகும்போது மட்டும் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றுக்கு வாருங்கள். திடீரென்று ‘பதினேழு’ என்று எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டால், மனம் மகளின் ரியூசன் வகுப்புக்குப் போய்விட்டது. போனதைக் கண்டுபிடித்தீர்களே, பயிற்சி அதுதான். உங்களையே ஏசாமல், ‘யோசினை’ என்று உள்ளுக்குள் ஒரு சொல் சொல்லிவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நாற்பது தரம் ஓடி நாற்பது தரம் திரும்பி வந்தால், நாற்பது தரம் பயின்றிருக்கிறீர்கள்.

முதல் வாரம் 5 நிமிடம், அடுத்த வாரம் 10 நிமிடம் போதும். மதியச் சோற்றுக்குப் பிறகு இருந்தால் நித்திரைதான் வரும். அமைதி வந்துவிட்டதா என்று இடையிடையே பார்ப்பது இன்னொரு பிழை. மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சோறு எப்போது வேகும்? வைத்தியசாலைகளில் சொல்லிக்கொடுக்கும் முழுப் பயிற்சியே 8 வாரம். பத்து நாளில் தீர்ப்பு எழுதாதீர்கள்.

மகள் படிக்கும் நேரத்தில் நெஞ்சு படபடத்தால் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடியுங்கள். உள்ளங்கையில் எந்த இடத்தில் சூடு கூட? ஆவி மேலுதட்டில் படுகிறதா? முதல் மிடறு தொண்டையால் இறங்கி எந்த இடத்தில் தெரியாமல் போகிறது? மூன்று மிடறு இப்படிக் குடியுங்கள். நாலாவது மிடறில் போனை எடுக்கலாம், குற்றமில்லை.

கேள்வி: மூச்சைக் கவனிக்கும் இந்தப் பயிற்சி பௌத்த தியானம்தானே? முஸ்லிம்களாகிய நாங்கள் செய்யலாமா?
- வாசகர், காத்தான்குடி

பதில்: வேர் பௌத்தத்தில்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் 1979இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் ஜோன் கபாட்-சின் இதை நோயாளிகளுக்கான பயிற்சியாக அமைத்தபோது வழிபாட்டை அதில் வைக்கவில்லை. மந்திரமோ வணக்கமோ கிடையாது. துடுப்பின் ஒரு நுனியை மட்டக்களப்பு வாவிக்குள் விட்டு, மறுநுனியில் காதை வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்பார்களே, அந்தக் கவனம்தான் வேண்டும். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல. மனம் ஒப்பாவிட்டால் தியானம் என்ற பேரே வேண்டாம். அந்தியில் கடற்கரையில் போனில்லாமல் 15 நிமிடம், பாதம் மணலில் படுவதைக் கவனித்து நடந்தாலும் அதே பயிற்சிதான்.

கேள்வி: 2004இல் கடல் வந்தபோது தங்கச்சியை இழந்தேன். உளவளத்துணைக் கூட்டமொன்றில் கண்ணை மூடச் சொன்னார்கள். மூடியதும் தண்ணீர் இரைச்சல் கேட்டது, நெஞ்சு இறுகியது, எழுந்து வந்துவிட்டேன். விடாமல் செய்தால் பழகிவிடுமா?
- வாசகர், திருக்கோவில்

பதில்: பல்லைக் கடித்துக்கொண்டு தொடரவேண்டாம். எழுந்து வந்தது சரியான முடிவு. மனவடு உள்ளவர்களுக்கு இப்படி நடக்கலாம் என்று பயிற்சி தருபவர் முன்கூட்டியே சொல்லியிருக்கவேண்டும்.

கண்ணை மூடும்போது ‘நான் இப்போது இங்கேதான் இருக்கிறேன்’ என்று காட்டும் அடையாளங்கள் பார்வையிலிருந்து போய்விடுகின்றன. படபடக்கும் நெஞ்சும் முட்டும் மூச்சும் அன்றைக்கு உடம்பு பட்ட பாட்டையே நினைவூட்டும். ஆகவே உங்களுக்கு மூச்சு வேண்டாம், கண் திறந்தே இருக்கட்டும். முதுகுக்குச் சுவர், எதிரே வாசல் தெரியும்படி இருங்கள். குதிகாலை நிலத்தில் 5 விநாடி அழுத்தி விடுங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பேரை வாய்விட்டுச் சொல்லுங்கள்: கதவு, குடம், தென்னை... பிறகு கைக்கு எட்டும் ஏதாவதொன்றைத் தொட்டு அதன் குளிரையும் சொரசொரப்பையும் பாருங்கள். 2 நிமிடத்தோடு நிறுத்துங்கள். இருக்கவே முடியாத நாளில் விறாந்தையில் பத்து அடி போய்த் திரும்புங்கள்.

காட்சி வந்துவிட்டால் உடனே எழும்பி முகம் கழுவி, இன்றைய திகதியையும் நிற்கும் இடத்தையும் சத்தமாகச் சொல்லுங்கள். மார்கழியில் கடல் இரையும்போது, நினைவுநாளை அண்டி, இதையும் குறைத்துக்கொள்வது நல்லது. கெட்ட கனவும் நித்திரையின்மையும் தொடர்ந்தால், பயிற்சியால் மட்டும் தீர்க்கப் பார்க்காமல் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் எடுத்துக் கதைக்கலாம்.

கேள்வி: தியானம் செய்தால் பிரஷர் குளிசையை நிறுத்தலாமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கூடாது. கிளினிக்கில் வைத்தியர் சொல்லாமல் ஒரு குளிசையையும் குறைக்கவும் வேண்டாம். பிரஷர் பார்க்கும் முன் 5 நிமிடம் கதையில்லாமல், கால்மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இருக்கவேண்டும். உங்கள் பயிற்சியை அந்த 5 நிமிடத்தில் செய்யலாம். சைக்கிளில் வேகமாக வந்து இறங்கிய கையோடு கையை நீட்டினால் இலக்கம் கூடத்தான் காட்டும்.