பார்த்தாலே மனதைக் கலங்கடிக்கிற, பயமுறுத்துகிற புகைப்படம் என்று உங்களுக்கு ஏதாவது உண்டா? ஏன் அந்தப் பயம்?

உண்டு. எங்கள் வீட்டுக் கூடத்திலேயே மாட்டியிருக்கிறது. என் அப்பாயியின் படம்.

நீடாமங்கலம் பக்கம் வெண்ணாற்றங்கரையில் எங்கள் ஊர். பழைய ஓட்டு வீடு, தெற்குச் சுவரில் பத்தாயத்துக்கு மேலே அந்தப் படம் தொங்கும். கறுப்பு வெள்ளை, மார்பு வரைதான் தெரியும், நெற்றியில் பெரிய பொட்டு, கண்கள் நேராக நம்மையே பார்க்கும். மழைக்காலத்தில் கரண்ட் போய் அரிக்கேன் விளக்கை ஏற்றிவிட்டால் போச்சு, கூடத்தில் எந்த மூலையில் பாயை விரித்தாலும் அப்பாயி என்னையே பார்ப்பது போல இருக்கும். எதிரே நேராகப் பார்க்கிற முகம் தட்டையான படத்தில் இருந்தால் நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அந்தப் பார்வை மாறாது, அதனால் அப்படித் தோன்றும் என்று பிறகு படித்தேன். சரி, ஆனால் பக்கத்திலேயே தாத்தாவின் படமும் நேராகத்தான் பார்க்கும். அது ஒருநாளும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

பத்தாவது படிக்கும்போது டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில் அசல் படம் கிடைத்தது. அப்பாயி மர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், இல்லை, உட்கார வைத்திருக்கிறார்கள். நாடியோடு சேர்த்துத் தலையைச் சுற்றித் துணிக்கட்டு, கால் பெருவிரல் இரண்டும் சேர்த்துக் கட்டியிருக்கிறது, நெற்றியில் காசு, கண்கள் மூடியிருக்கின்றன. சுற்றிலும் சொந்தக்காரர்கள் கேமராவைப் பார்த்து நிற்கிறார்கள். நாற்காலிக் கையைப் பிடித்தபடி ஐந்து வயதில் என் அப்பா, அவர் மட்டும் கேமராவைப் பார்க்காமல் அப்பாயியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

1968-ல் பிரசவத்தில் போய்விட்டார். உயிரோடு இருந்தவரை ஒரு படம்கூட எடுத்ததில்லை, அதனால் மன்னார்குடியிலிருந்து ஸ்டுடியோக்காரரைக் கூட்டி வந்திருக்கிறார்கள். எங்கள் பக்கம் பல வீடுகளில் பழைய பெட்டியைத் திறந்தால் இப்படி ஒரு படமாவது இருக்கும். அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி, டச்சிங் செய்து, கண்ணைத் திறந்து வரைந்து பிரேம் போட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பொட்டு அவ்வளவு பெரிதாக இருப்பது அடியில் இருக்கிற காசை மறைக்கத்தான். அப்பாயியின் கண் எப்படி இருக்கும் என்று வரைகிறவருக்குத் தெரியாதே, அதனால் அப்பாயியின் தங்கையை எதிரே உட்கார வைத்து அவர் கண்ணைப் பார்த்து வரைந்தாராம். சின்ன அப்பாயி பொங்கலுக்கு வந்து கூடத்தில் உட்காரும்போது அந்த நான்கு கண்களையும் நான் மாறி மாறிப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரு பொம்மை மனிதரைப் போல ஆக ஆக நமக்கு அதன்மேல் பிரியம் கூடும், ஏறக்குறைய மனிதராகவே ஆகிவிட்டு ஏதோ ஒன்று மட்டும் இடித்தால் சட்டென்று அருவருப்பும் பயமும் வந்துவிடும் என்றார். அவர் போட்ட வரைபடத்தில், பிரியம் சட்டென்று கீழே இறங்குகிற அந்தப் பள்ளத்தில் பிணத்தையும் குறித்திருக்கிறார். தசை தளர்ந்துபோன முகத்தில் விழித்திருக்கிற கண். எனக்கு இடித்தது அதுதான்.

ரத்தம், விபத்துப் படங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அத்தோடு சரி. ஒன்றை மறைத்து, அது இருக்கிறது என்று மட்டும் காட்டுகிற படம்தான் கூடவே வருகிறது. 2004 சுனாமியில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்த படம், அந்த ஆண்டுக்கான வேர்ல்டு பிரஸ் போட்டோ விருது வாங்கியது. ஒரு பெண் மணலில் கவிழ்ந்து, உள்ளங்கைகள் மேலே பார்க்க அழுகிறார். இறந்துபோன உறவினர் படத்தில் இல்லை, ஓரத்தில் ஒரு கை மட்டும் கிடக்கிறது. எங்கள் நாகை, வேளாங்கண்ணிக் கரையெல்லாம் அப்போது எப்படிக் கிடந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தக் கைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பழைய படங்களை அசைய வைக்கிற ஆப் வந்துவிட்டது. போன தீபாவளிக்குத் தம்பி ஆசையாக அப்பாயி படத்தைப் போட்டுப் பார்த்தான். அப்பாயி கழுத்தை லேசாகத் திருப்பி, இமைத்து, சிரித்தார். என் கை சில்லிட்டுவிட்டது. அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து அவரிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார்.

"இது சித்திடா. எங்கம்மா எப்படிப் பார்ப்பாங்கன்னு எனக்கே தெரியாது."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். தம்பி அதை அப்போதே அழித்துவிட்டான்.