பம்ப்பின் மேல் ஈரத் துணி: பழைய கார் கேள்வி பதில்

அப்பா ஓட்டிய 1978 அம்பாசிடர் மார்க் 3, பெட்ரோல் வண்டி. காலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மதியம் சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத் துணி போட்டுப் பத்து நிமிடம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு வருடமாகத் தொல்லை கூடிவிட்டது. பம்ப் மாற்றியும் சரியாகவில்லை.
*விருதுநகர் வாசகர்*

பம்ப் மீது பழியில்லை. அது இருக்கும் இடமும் இன்றைய பெட்ரோலும் சேர்ந்து செய்யும் வேலை இது. டேங்க் வண்டியின் பின்னால் இருக்கிறது, பம்ப் என்ஜினில் இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து பம்ப் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். புகையை வெளியேற்றும் சூடான குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அனலும் சேர்ந்தால் பம்ப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். டயாஃப்ரம் என்ற பம்ப்பின் ரப்பர் சவ்வு ஆவியைத்தான் அமுக்கிக்கொண்டிருக்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டருக்கு எதுவும் போய்ச் சேராது. ஈரத் துணி பம்ப்பைக் குளிர்வித்து ஆவியை மறுபடி திரவமாக்குகிறது. அந்தக் காலத்து டிரைவர்கள் காரணம் தெரிந்தே செய்த வைத்தியம் அது.

இப்போது கூடியிருப்பதற்குக் காரணம், பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் சேரும்போது பெட்ரோலின் சில பகுதிகள் இன்னும் தாழ்ந்த சூட்டிலேயே ஆவியாகின்றன.

முதலில் செலவில்லாத வேலைகள். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, இக்னிஷன் டைமிங் பின்தங்கி, பிளக்கில் தீப்பொறி தாமதமாக வருகிறதா என்று பாருங்கள். டைமிங் பின்தங்கினால் எக்ஸாஸ்ட் தேவைக்கு மேல் சூடாகும். பிறகு மேனிஃபோல்டுக்கும் பம்ப்புக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகட்டை, இரண்டையும் தொடாமல், காற்று போக இடம் விட்டுப் பொருத்துங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே போதும்.

அப்படியும் நின்றால் டேங்க் பக்கத்தில், தாழ்வான இடத்தில், ஒரு எலக்ட்ரிக் பம்ப் வையுங்கள். அழுத்தம் 2 முதல் 3 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்ப்பைக் கழற்றி மாட்டிவிடுவார்கள், சம்மதிக்காதீர்கள். அது 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும். பெட்ரோல் வரத்தைத் தடுக்கும் ஃப்ளோட் ஊசி தாங்காது, கார்ப்பரேட்டர் பொங்கிச் சூடான மேனிஃபோல்டில் வழியும். ரிலே, ஃபியூஸ் இரண்டும் கட்டாயம். மோதினால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்சும் வேண்டும். இல்லாவிட்டால் குழாய் அறுந்த பிறகும் பம்ப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

ரப்பர் குழாய்கள், டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். பழைய ரப்பர் ஊறி, உப்பி, உதிரும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து துரு பிடிக்கும். இன்னொன்று, இந்தப் பெட்ரோலில் கலவை மெலிந்து போகும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறையும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நல்லது. வெள்ளையாக இருந்தால் மெலிவு. எஸ்.யூ. கார்ப்பரேட்டர் என்றால் அடியில் உள்ள ஜெட் நட்டை ஒரு பட்டை, அதாவது ஆறில் ஒரு சுற்று, கீழே இறக்கி, ஓட்டிப் பார்த்து, தேவையானால் இன்னொரு பட்டை இறக்குங்கள்.

அதே அம்பாசிடர் பெட்ரோல் என்ஜினுக்கு டேப்பட் இடைவெளி எவ்வளவு? ஒவ்வொரு மெக்கானிக் ஒவ்வொன்று சொல்கிறார். செட் செய்த மூன்றே மாதத்தில் இழுவை குறைந்துவிடுகிறது.
*திண்டுக்கல் வாசகர்*

டேப்பட் இடைவெளி என்பது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே விடும் சந்து. 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு என்ஜினுக்கு 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மி.மீ. என்ஜின் ஓடும்போதே காதால் கேட்டு வைப்பதை ஏற்காதீர்கள். ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்துத்தான் செய்ய வேண்டும்.

நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டால் ஹேண்டிலால் என்ஜின் லேசாகச் சுற்றும். முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். கணக்கு ஒன்பது: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்து அமுங்கி நிற்கும்போது முதலாவதைச் செட் செய்யலாம். ஆறு திறந்தால் மூன்று, நான்கு திறந்தால் ஐந்து, ஏழு திறந்தால் இரண்டு. கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூ கூடவே திரும்பிவிடும்; இறுக்கிய பிறகு கேஜை மறுபடி விட்டுப் பாருங்கள். கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு நழுவ வேண்டும். இதில் கொஞ்சம் டிக் டிக் சத்தம் இயல்பு. சத்தமே இல்லாத பழைய என்ஜின்தான் பயப்பட வேண்டியது. இடைவெளி இல்லாத வால்வு முழுக்க மூடாது, கருகிப்போகும்.

மூன்று மாதத்தில் இடைவெளி மாறுகிறது என்றால், மாறுவது எந்த வால்வுகளில் என்று எழுதி வையுங்கள். எக்ஸாஸ்ட் வால்வுகளில் மட்டும் இடைவெளி சுருங்கினால் வால்வு இருக்கை தேய்கிறது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வார்த்த ஹெட் அது. ஈயம்தான் இருக்கைக்கு மெத்தை போல இருந்தது. இந்தியா முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000-இல். அதற்குப் பிறகு வால்வு அடித்து அடித்து இருக்கைக்குள் புதைகிறது. ஹெட்டைக் கழற்றும்போது எக்ஸாஸ்ட் பக்கம் நான்குக்கும் கடின எஃகு வளையம் போடச் சொல்லுங்கள். ஒருமுறை போட்டால் முடிந்தது.

சென்னையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு விலைக்கு வருகிறது. வாங்கலாமா? எங்கே பார்க்க வேண்டும்?
*காஞ்சிபுரம் வாசகர்*

வாங்குங்கள். நம் ஊரில் செய்த கார் அது. வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. வடிவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. தாய்க் கம்பெனிக்கு அன்று பிரிட்டனில் முழு பாடியை ஒரே துண்டாகச் செய்து தர ஆள் கிடைக்கவில்லை. பாடி செய்துகொடுத்த கம்பெனி போட்டிக்காரர் கைக்குப் போயிருந்தது. அதனால் தனிச் சேஸி (அடிச்சட்டம்), அதன் மேல் போல்ட் போட்டுச் சேர்க்கும் பாகங்கள் என்று வடிவமைத்தார்கள். முன்பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டு என்ஜின் வேலை பார்க்கலாம். இதைவிட மெக்கானிக்குக்கு இணக்கமான கார் இந்தியச் சாலைக்கு வந்ததில்லை என்பது என் உறுதியான கருத்து. 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் என்பது இன்னொரு அழகு.

இனி பார்க்க வேண்டியது. முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் துண்டின் அடிமுனை மரை வெட்டியது. அது ஒரு பித்தளைத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. ஸ்டியரிங் திருப்பும்போது இந்த மரைதான் சுழல்கிறது. அங்கே போட வேண்டியது கிரீஸ் அல்ல, ஈ.பி.90 கியர் ஆயில். நிப்பிளைப் பார்த்ததும் சர்வீஸ் ஸ்டேஷனில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் உள்ளே இறுகி மரையின் அடிவரை போகாது. தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, ஒருநாள் திருப்பத்தில் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். வாங்கிய முதல் வாரமே இரண்டு பக்கமும் கழற்றிச் சுத்தம் செய்து, மரையில் பள்ளமோ கீறலோ இருந்தால் மாற்றுங்கள். பிறகு மாதம் ஒருமுறை, பழைய ஆயில் வெளியே கசியும்வரை புது ஆயில் அடியுங்கள்.

சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் பெயின்ட்டுக்கு அடியில் துரு. கதவு இடைவெளி மேலே ஒட்டிக் கீழே அகன்றிருந்தால் சேஸி தொய்ந்துவிட்டது என்று பொருள்; அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஓட்டும்போது ஒன்று நினைவிருக்கட்டும். வளைவில் வேகமாகப் போய்த் திடீரென ஆக்சிலேட்டரை விட்டால் பின் சக்கரம் உள்ளே மடங்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

எண்பது வயது அம்மா அம்பாசிடரில் சிரமமில்லாமல் ஏறி இறங்கினார். புதுக் காரில் முடியவில்லை. ஏன் யாரும் அப்படிச் செய்வதில்லை?
*கும்பகோணம் வாசகர்*

அந்த சீட் கிட்டத்தட்ட நாற்காலி உயரம். உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்தால் போதும். கூரையும் உயரம் என்பதால் தலை குனிய வேண்டாம். இன்று காற்றைக் கிழித்து மைலேஜ் கூட்டக் கூரையைத் தாழ்த்துகிறார்கள். மோதல் சோதனைக்காகக் கதவடிச் சட்டத்தையும் தூண்களையும் தடிப்பாக்குகிறார்கள். கதவின் முன்மூலையில் இருந்த முக்கோணக் கண்ணாடி ஏசி வந்ததும் போயிற்று. அதன் முனையை நம் பக்கம் திருப்பினால் முகத்துக்கே காற்று வரும். அதை இழந்தது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் மெல்லிய தூணால் சாலை நன்றாகத் தெரிந்த அதே கார், கவிழ்ந்தால் உள்ளே இருப்பவரைக் காக்காது. அம்மாவுக்குப் புதுக் கார் பார்ப்பதானால் சீட்டின் உயரத்தை அளந்து, முழங்கால் மட்டத்துக்கு அருகே வருவதைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கள் 1969 காரை விண்டேஜ் என்று பதியலாமா?
*ஈரோடு வாசகர்*

50 வயது தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருந்தால் பதியலாம். 2021-இல் வந்த மத்திய விதி இது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, புதுப்பிக்க 5,000. எண்ணில் 'விஏ' எழுத்துகள் வரும். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அனுமதியில்லை. தினமும் ஓட்டுகிறவர் சாதாரணப் பதிவையே ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிரீமியர் பத்மினி காருக்கு அலாய் வீல், பெரிய டயர், புது பெயின்ட் என்று 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?
*சேலம் வாசகர்*

தயவுசெய்து அந்தப் பணத்தை முதலில் பிரேக்கில் போடுங்கள். உங்கள் வண்டி நான்கு சக்கரத்திலும் டிரம், நான்குக்கும் ஒரே ஆயில் லைன் என்ற பழைய அமைப்பானால், ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலும் மிதி தரைக்குப் போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் கிட், வீல் சிலிண்டர் கிட் முழுவதும், ரப்பர் ஹோஸ்கள் அத்தனையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கும். வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கும், பிரேக் விட்டபிறகும் டிரம் சூடாவதற்கும் அதுதான் வழக்கமான காரணம். டாட் 3 பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும் என்பதால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். பிரேக் லைனிலிருந்து காற்று எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கி அருகே வாருங்கள். பெரிய டயர் வேண்டாம். திருப்பும்போது மட்கார்டில் உரசும், ஸ்டியரிங்கும் கனக்கும்.