வாசகர் கேள்விகள்: கன்னம் வைக்கத் தெரியாத கள்வர்கள்

கேள்வி: பழைய ஹாலிவுட் நகைச்சுவைப் படங்களில் கொள்ளையடிக்கப் புறப்படும் கும்பல் ஒவ்வொரு முறையும் காரியத்தைக் கோட்டை விட்டுவிடுகிறதே, திருடர்களை அசடர்களாகக் காட்டினால்தான் சிரிப்பு வரும் என்று இயக்குநர்கள் எண்ணினார்களா?

பதில்: சிரிப்பு ஒரு காரணம்தான்; அதற்கு இணையான இன்னொரு காரணம் தணிக்கை. ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் 1930இல் தங்களுக்குத் தாங்களே வகுத்துக்கொண்டு, 1934 முதல் ஜோசப் பிரீனின் மேற்பார்வையில் கண்டிப்புடன் கடைப்பிடித்த நெறிமுறை, குற்றத்தின் பக்கம் பார்வையாளரின் பரிவு சாயக் கூடாது என்றும், திருட்டு, பெட்டக உடைப்பு போன்றவற்றின் செய்முறையை விவரமாகக் காட்டக் கூடாது என்றும் விதித்திருந்தது. அந்த வேலிக்குள் நின்று கொள்ளைக் கதை சொல்ல விரும்பியவர்களுக்குக் கன்னம் வைக்கவே தெரியாத கள்வன் பெரிய வரமாக வாய்த்தான். அவனைப் பார்த்து யாரும் தொழில் கற்றுக்கொள்ள முடியாது, கடைசியில் பணமும் அவன் கைக்கு வந்து சேராது.

ஆனால் அவர்களை அசடர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1942இல் வார்னர் பிரதர்ஸ் வெளியிட்ட ‘லார்செனி, இங்க்’ படத்தைப் பாருங்கள். சிறையிலிருந்து வெளியே வரும் எட்வர்ட் ஜி. ராபின்சன், இனி நேர்வழியில் பிழைக்கலாம் என்று வங்கியில் கடன் கேட்கிறார், வங்கி மறுத்துவிடுகிறது. உடனே அந்த வங்கிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெட்டிக் கடையை (பயணப் பெட்டிகள் விற்கும் கடை) விலைக்கு வாங்கி, அதன் நிலவறையிலிருந்து வங்கிப் பெட்டகத்தை நோக்கிச் சுரங்கம் தோண்ட ஏற்பாடு செய்கிறார். கீழே கூட்டாளிகள் கடப்பாரையும் கையுமாகக் குழாயை உடைத்துக்கொண்டு திண்டாட, மேலே வாடிக்கையாளர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். விற்ற பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுக்கத் தெரியாமல், ஏதோ ஒரு பொட்டலமாகக் கசக்கிச் சுருட்டி அவர் நீட்டும் காட்சியில், ராபின்சனின் முகத்தில் சிரிப்பின் சாயல்கூடக் கிடையாது. 1931இல் ‘லிட்டில் சீசர்’ படத்தில் ஊரை நடுங்கவைத்த அதே கடுமையான முகம், இங்கே காகிதத்தோடும் கயிற்றோடும் மல்லுக்கட்டுகிறது. அந்த முகம்தான் படத்தின் உயிர். வியாபாரம் சூடுபிடித்ததும் அவருக்குத் திருட்டைவிடக் கடையே இனிக்கத் தொடங்குகிறது என்பதை எந்த உபதேசமும் இல்லாமல் படம் சொல்லிவிடுகிறது.

இந்தப் படத்துக்கு 4 ஆண்டுகள் முன்பே, லாயிட் பேக்கன் என்ற இதே இயக்குநரும் ராபின்சனும் ‘எ ஸ்லைட் கேஸ் ஆஃப் மர்டர்’ படத்தில் சேர்ந்திருந்தார்கள். மதுவிலக்குக் காலத்தில் கள்ளத்தனமாக பீர் விற்றுச் செழித்த ஒருவர், விலக்கு நீங்கியபின் அதே பீரைச் சட்டப்படி விற்க முயன்று நொடித்துப்போகிறார். அந்த பீர் வாயில் வைக்க முடியாதது. அவரோ அதைக் குடித்ததே இல்லை, அவரிடம் உண்மையைச் சொல்லவும் ஆளில்லை.

கேள்வி: இந்த வகையில் ஹாலிவுட்டின் தலைசிறந்த படம் ‘தி லேடிகில்லர்ஸ்’தானே?

பதில்: 1955இல் வந்த அந்தப் படம் லண்டனின் ஈலிங் ஸ்டுடியோவில் உருவான பிரிட்டிஷ் படம். ஹாலிவுட்டில் கோயன் சகோதரர்கள் அதை 2004இல் மீண்டும் எடுத்தார்கள்; இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் உண்டு என்றால் தயங்காமல் பழையதைப் பாருங்கள்.

கேள்வி: நெறிமுறை நீங்கிய பிறகாவது இந்தத் திருடர்கள் வெற்றி பெற்றார்களா?

பதில்: 1968 நவம்பரில் நெறிமுறையின் இடத்தை, எந்தப் படத்தை எந்த வயதினர் பார்க்கலாம் என்று வகைப்படுத்தும் தரச்சான்று முறை பிடித்துக்கொண்டது. அதன்பின் 1972இல் வந்த ‘தி ஹாட் ராக்’ படத்தில் ராபர்ட் ரெட்ஃபோர்டின் குழு ஒரே வைரத்துக்காக அருங்காட்சியகம், சிறை, காவல் நிலையம், வங்கி என்று இடம்மாறி இடம்மாறி அலைந்தாலும், இறுதியில் அவர் அந்த வைரத்தோடு தெருவில் நிம்மதியாக நடந்து போகிறார். முன்பு இந்த முடிவுக்கு அனுமதி கிடைத்திருக்காது.

எனினும், எனக்கு நெருக்கமான திருடன் தோற்றுக்கொண்டே இருப்பவன். வூடி ஆலன் இயக்கி நடித்த ‘டேக் த மனி அண்ட் ரன்’ (1969) படத்தின் வர்ஜில், வங்கியில் மிரட்டல் சீட்டை நீட்டுகிறான். துப்பாக்கி என்று அவன் ஆங்கிலத்தில் எழுதிய சொல்லின் (gun) கடைசி எழுத்து காசாளருக்கு வேறாகத் தெரிகிறது. இருவரும் சீட்டின் மேல் குனிந்து அந்த எழுத்தைப் பற்றி வாதிட, மற்ற ஊழியர்களும் கூடிவிடுகிறார்கள். பணம் வேண்டுமென்றால் மேலதிகாரியின் கையொப்பம் பெற்று வர வேண்டும் என்று அவனிடம் சொல்லப்படுகிறது. இந்த வழக்கமான அலுவலக நடைமுறைக்கு அவன் பணிவாக உட்படுவதைப் பார்க்கும்போது சிரிப்போடு இரக்கமும் சேர்ந்து வருகிறது. பின்னர் சிறையில் சோப்புக் கட்டியைத் துப்பாக்கியாகச் செதுக்கி, ஷூ பாலிஷ் பூசிக் காவலர்களை மிரட்டியபடி வெளியே வருகிறான். முற்றத்தில் மழை பெய்துகொண்டிருக்கிறது; சற்று நேரத்தில் அவன் கையில் நுரை மட்டுமே இருக்கிறது.