விலைச் சீட்டைக் கிழிக்கும் முன்: பரிசு குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

பரிசுப் பொருள் கடையில் பதினான்கு வருடம் கல்லாவுக்குப் பின்னால் நின்றவன் நான். "இதே விலையில கொஞ்சம் பெரிசா காட்டுங்க" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. நீட்டும்போது கனமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. ஆறு மாதம் கழித்து அந்தப் பொருள் அவர்கள் வீட்டில் எங்கே கிடக்கும் என்று யோசித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்த முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. என்ன வேண்டும் என்று கேட்டால், "எனக்கு எதுக்கும்மா, இருக்கிறதே போதும்" என்கிறார். போன வருடம் வாங்கிக் கொடுத்த சட்டை இன்னும் உறையோடு இருக்கிறது. என்ன செய்வது?

கேட்பதை நிறுத்துங்கள். ஒரு நாள் சும்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எதோடு மல்லுக்கட்டுகிறார் என்று பாருங்கள். கண்ணாடிக் கூட்டின் கீல் உடைந்து ரப்பர் பேண்ட் போட்டிருப்பார். டார்ச் இரண்டு தட்டு தட்டினால்தான் எரியும். அவரைக் கேட்டால் இதெல்லாம் ஒரு குறையே இல்லை, பழகிவிட்டது.

என் அப்பா வெளிச்சம் போதவில்லை என்று நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, மழுங்கிப்போன நகவெட்டியால் கால் கட்டைவிரலோடு போராடுவார். பெரிய கைப்பிடி உள்ள, நல்ல எஃகில் செய்த நகவெட்டி ஒன்றைப் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். "இதப் போயி பரிசுன்னு குடுப்பாங்களா" என்று சிரித்தார். இப்போது அதை வேறு யாரும் தொடக் கூடாது. மேசை இழுப்பறையில் தனி உறையில் இருக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கிறது. அவருடைய பழைய புகைப்படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கொடுங்கள். இதில் பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: குழுவில் வந்த படத்தையே அச்சுக்குக் கொடுத்துவிடுவார்கள். செய்திச் செயலி வழியாகச் சாதாரணமாக அனுப்பும்போதே படம் சுருங்கிவிடுகிறது. ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது நல்ல அச்சின் கணக்கு. 4×6 அங்குலப் படத்துக்கே 1200×1800 புள்ளிகள் தேவை, சுவரில் மாட்டும் அளவுக்கு அதைவிட அதிகம். அசல் பிரதி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் வாங்கி ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் இல்லையென்றால் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், படத்துக்கு நேர்மேலே போனைப் பிடித்து எடுங்கள். படத்தில் யார் யார், எந்த வருடம் என்று அவரையே சொல்லச் சொல்லி ஒரு தாளில் எழுதிச் சட்டத்தின் பின்னால் செருகிவிடுங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதும் அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, சட்டத்தைவிட அதுதான் அவருக்குப் பிடிக்கப்போகிறது என்பது என் கணிப்பு.

தோழி எனக்கு எப்போதும் விலையுயர்ந்த பரிசுகளே தருகிறாள். என் வருமானத்தில் அதற்கு ஈடாகக் கொடுக்க முடியாது. கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் உங்கள் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. ஃப்ரான்சிஸ் ஃப்ளின், கேப்ரியல் ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009-ல் இதை ஆராய்ந்தார்கள். விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்று கொடுத்தவர்கள் நம்பினார்கள். வாங்கியவர்களிடம் விசாரித்தால், விலைக்கும் அவர்களுடைய மகிழ்ச்சிக்கும் தொடர்பே தெரியவில்லை. நிச்சயதார்த்த மோதிரத்திலும் இதே கதைதான்!

உங்களால் முடிந்த தொகைக்குள், அந்த வகையில் இருப்பதிலேயே நல்லதை வாங்குங்கள். மட்டமான கைப்பை வாங்கும் காசுக்கு மிக நல்ல பேனா கிடைக்கும். சின்ன வகையில் உயர்ந்த தரம்: நான் கடையில் கற்றுக்கொண்ட ஒரே சூத்திரம் இதுதான். அப்புறம், நெருங்கிய தோழி என்றால் "இனிமே நமக்குள்ள ஒரு வரம்பு வச்சுப்போமா" என்று நேரடியாகவே கேட்டுவிடலாம். அவளுக்கும் அது நிம்மதியாக இருக்கக்கூடும்.

அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுக்கிறோம். எனக்கு வந்தவரோடு பேசியதே இல்லை.

அவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் விசாரியுங்கள். ஒன்றும் தேறவில்லையென்றால் தீர்ந்துபோகும் பொருளாக, நல்ல நோட்டுப் புத்தகம் மாதிரி ஏதாவது. வாசனைத் திரவியம் வேண்டவே வேண்டாம், பொன்மொழி அச்சடித்த கோப்பையும்தான்.

பணமாகக் கொடுத்தால் மரியாதைக் குறைவா?

ஆளைப் பொறுத்தது. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் 1993-ல் ஒரு கட்டுரை எழுதினார். கிறிஸ்துமஸ் பரிசுகள் வாங்கிய மாணவர்களிடம், இதற்கு நீங்களாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று விசாரித்துக் கணக்குப் போட்டார். பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீணாகிறது என்று வந்தது. அதிலும் நண்பர்கள் கொடுத்தவற்றில் நஷ்டம் குறைவு, சற்றுத் தள்ளியிருக்கும் உறவினர்கள் கொடுத்தவற்றில் அதிகம்.

ஆகவே வருடத்துக்கு ஒரு முறை பார்க்கும் அண்ணன் மகனுக்குப் பணம் கொடுங்கள், தப்பே இல்லை. கூட நாலு வரி கையால் எழுதிய கடிதம் இருக்கட்டும். உடன்பிறந்தவளுக்கும் கட்டியவருக்கும் உறைக்குள் பணம் வைப்பதென்றால், அவர்களே கேட்டிருந்தால் ஒழிய, எனக்கு ஒப்பவில்லை.

தங்கை மகனுக்கு ஒன்றரை வயது. குறைந்த செலவில் என்ன பொம்மை வாங்கலாம்?

இதில் மட்டும் சிக்கனத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். விலை மலிவான, பாட்டுப் பாடும், விளக்கு மினுக்கும் பொம்மைகளுக்குள் பெரும்பாலும் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இல்லையென்றால் அந்தப் பொம்மையைக் கையிலேயே எடுக்காதீர்கள். சுமார் மூன்று சென்டிமீட்டர் அகல உருளைக்குள் முழுதாக அடங்கிவிடும் எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கலாம். கழன்று வரும் சக்கரத்துக்கும், பொம்மையின் கண்ணுக்கும் இது பொருந்தும்.

கெட்டி அட்டைப் படப் புத்தகம், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், பெரிய பந்து. அவ்வளவுதான். பொம்மை வந்த அட்டைப் பெட்டியோடு அவன் அதிக நேரம் விளையாடினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செலவே இல்லாமல் கையால் செய்து கொடுக்கலாம் என்று பார்க்கிறேன். வீட்டில் கொடிச் செடிகள் நிறைய இருக்கின்றன.

செடி நல்ல யோசனை. மணி பிளான்ட் போன்ற கொடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கணு தண்ணீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்கும்படி பாட்டிலில் வையுங்கள். வேர் கணுவிலிருந்துதான் வரும், தண்டின் வெறும் பகுதியிலிருந்து வராது. நாலைந்து நாளுக்கு ஒரு தரம் தண்ணீர் மாற்றினால் சில வாரங்களில் வேர் விட்டுவிடும். நாள் நெருங்கியபின் வெட்டினால் வெறும் குச்சியைத்தான் கொடுக்க வேண்டி வரும், ஒன்றரை மாதம் முன்பே ஆரம்பியுங்கள். வாங்குபவர் வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் இந்தக் கொடி வேண்டாம், கடித்தால் அவற்றுக்கு ஆகாது.

எனக்கு வந்த பரிசு ஒன்றை அப்படியே வேறொருவருக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக. முதலில் கொடுத்தவர் மனம் புண்படும் என்று நாம் பயப்படும் அளவுக்கு அவர் புண்படுவதில்லை. இதைப் பற்றி 2012-ல் வந்த ஓர் ஆய்வும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் பெட்டியைத் திறந்து அடிவரை பாருங்கள். நான் ஒரு முறை சுவர்க் கடிகாரம் ஒன்றை நண்பனுக்குக் கொடுத்தேன். மறுநாள் போன் செய்து, "உனக்கும் உன் மனைவிக்கும் என் திருமண நாள் வாழ்த்துகள்" என்றான். வாழ்த்து அட்டை தெர்மோகோலுக்கு அடியில் இருந்திருக்கிறது. கடிகாரம் இன்னும் அவன் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் போகும்போதெல்லாம் மணி பார்க்கச் சொல்வான்.

அக்காவின் பிறந்தநாள் போன வாரமே போய்விட்டது. கையில் காசு இல்லாததால் எதுவும் வாங்கவில்லை. இனிமேல் கொடுத்தால் அசிங்கமாக இருக்காதா?

இருக்காது. இன்றைக்கே போன் போட்டுப் பேசுங்கள். காசு இல்லை என்பதை மறைக்க வேண்டாம், அக்காதானே. பேசும்போது அவர் எதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொள்கிறார் என்று காதில் வாங்கிக்கொள்ளுங்கள். குளிக்கும் அறைக் கதவில் கொக்கி இல்லை, இஸ்திரிப் பெட்டி ஒயர் நைந்துவிட்டது, ஏதாவது ஒன்று வரும். அடுத்த மாதச் சம்பளத்தில் அதை வாங்கிக்கொண்டு நேரில் போங்கள். கொக்கி என்றால் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு போங்கள்.