கொதிக்கும் நீரிலிருந்து முதல் நிரல்

கேள்வி: உதகையில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பைத்தான் நிரலாக்கமும் தரவுப் பகுப்பாய்வும் நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. 'கணினி வேண்டாமென்றுதானே வேதியியலுக்கு வந்தோம்' என்கிறார்கள். பலரிடம் கைப்பேசி மட்டுமே உண்டு. எங்கிருந்து தொடங்கலாம்?
- வாசகி, உதகை

பதில்: மாணவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் வகுப்பிலேயே நிரல்மொழியின் இலக்கணத்தை நடத்தினால், அவர்கள் அஞ்சியது சரிதான் என்றாகிவிடும். அவர்கள் கையால் அளந்த எண்களிலிருந்து தொடங்குங்கள்.

உங்கள் மலைக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. உதகையில் பருப்பு வேக நேரமாகும் என்பதை அறியாத வீடு இல்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் நீர் 93 டிகிரி செல்சியஸை ஒட்டியே கொதித்துவிடுகிறது. குன்னூரில் 94, அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் 99. மாணவர்கள் தத்தம் ஊரில் கொதிநிலையை அளந்து வரட்டும். காற்றழுத்தத்தை அழுத்தமானியால் அளக்கலாம். அது இல்லையென்றால் உயரத்திலிருந்து கணக்கிடலாம். அழுத்தத்தின் இயல்மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைந்தால், அழுத்தத்தையும் கொதிநிலையையும் இணைக்கும் கிளாசியஸ்–கிளாப்பிரான் சமன்பாட்டின்படி நேர்கோடு வரும். அதன் சரிவை வாயு மாறிலியான 8.314 ஆல் பெருக்கிக் குறியை மாற்றினால் நீரின் ஆவியாதல் வெப்பம் கிடைக்கும். நூல்கள் தரும் மதிப்பு, 100 டிகிரியில், மோலுக்கு 40.7 கிலோஜூல்.

சிலர் 273.15 ஐக் கூட்டி வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்ற மறப்பார்கள். நிரல் எந்தப் பிழையையும் காட்டாது. கோடும் நேராகவே தோன்றும். விடை மட்டும் 3 கிலோஜூல் அளவில் நிற்கும். அவசரப்பட்டுத் திருத்திவிடாதீர்கள். பிழைச்செய்தி வராததாலேயே விடை சரியாகிவிடாது என்பதை அவர்களே கண்டுபிடிக்கும் அந்த அரை மணி நேரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அடுத்து, வெப்பமானியில் அரை டிகிரி தவறினால் என்னாகும் என்று கேளுங்கள். மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையே வேறுபாடே ஆறு டிகிரிக்குச் சற்று மேல்தான் என்பதால், விடை ஏறத்தாழ 8 சதவீதம் நகர்ந்துவிடும்.

கைப்பேசி போதும். பைத்தான் நிரலை எழுதி இயக்க உதவும் கூகுள் கோலாப் உலாவியிலேயே இயங்குவதால் எதையும் நிறுவ வேண்டியதில்லை. சிறு திரையில் தட்டச்சு செய்வது கடினம் என்பதால், நீங்கள் எழுதிய பத்து வரி நிரலைக் கொடுத்து எண்களை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று வாய்விட்டு விளக்கியவருக்கு மதிப்பெண் கொடுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு முறை, வரைபடத்தாளில் அளவுகோல் வைத்து அந்தக் கோட்டைக் கையால் வரைய வையுங்கள்.