மத்தியதரைக் கடல் மதியச் சாப்பாடு, எங்கள் சந்தைச் சாமானில்

பள்ளிக்கூடத்தில் மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். கிரேக்கம், இத்தாலி, லெபனான் பக்கத்து ஆட்கள் மத்தியானம் சாப்பிடுவது இதயத்துக்கு நல்லதாமே, அதை யாழ்ப்பாணத்தில் எப்படிச் செய்வது என்று பலர் கேட்டார்கள். கேள்விகளைச் சுருக்கிப் போட்டுப் பதில் எழுதுகிறேன்.

ரீச்சர், ஒலிவ் எண்ணெய் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. அது இல்லாமல் இந்தச் சாப்பாடு சரிவருமா? (நல்லூரிலிருந்து ஒரு தங்கச்சி)

சரிவரும். ஸ்பெயினில் ஏறத்தாழ 7,400 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. ஆட்களைக் குழுக்களாகப் பிரித்ததில் சில பிழைகள் இருந்ததால் 2018இல் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஒரு குழுவுக்கு ஒலிவ் எண்ணெய் கொடுத்தார்கள், இன்னொரு குழுவுக்கு நாளுக்கு 30 கிராம் வால்நட், பாதாம் போன்றவை. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன மூன்றாவது குழுவோடு ஒப்பிட்டால், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை இந்த இரண்டு குழுக்களிலும் ஏறத்தாழ 30 வீதம் குறைவு. ஆக, போத்தலில் மட்டும் மந்திரம் இல்லை. நல்லெண்ணெய் பாவியுங்கள், அதிலும் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்புத்தான். சம்பலில் பச்சையாக விடும்போது மட்டும் அளவாக விடுங்கள், அதன் வாசம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வால்நட்டுக்குப் பதில் ஒரு கைப்பிடி கச்சான் போதும்.

தேங்காய்ப்பால் விடாமல் மீன் வைத்தேன். மாமி ஒரு வாய் வைத்துவிட்டு "இது ஆஸ்பத்திரிச் சாப்பாடு" என்று எழும்பிப் போய்விட்டா. என்ன பிழை விட்டேன்? (குருநகர்)

மாமி சொன்னதில் நியாயம் இருக்கிறது பிள்ளை. வழமையான குழம்பிலிருந்து பாலை மட்டும் கழித்தால் புளியும் உறைப்பும் தனித்தனியாக நின்று குத்தும். பால்தான் அவற்றை ஒன்றாக்குகிறது. அந்த வேலையை வேறு எதற்காவது கொடுக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் எண்ணெய்க்கும் வற்றிய தக்காளிக்கும் கொடுக்கிறார்கள்.

உங்களுக்குச் சந்தை பக்கத்தில். அரைக் கிலோ சூடை வாங்கித் தலையும் குடலும் எடுத்துக் கழுவி வையுங்கள். தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, ஆறேழு பல் உள்ளியை வட்டமாக வெட்டிப் போட்டு மெல்லிய நெருப்பில் வதக்குங்கள். உள்ளி சிவக்கக் கூடாது, சிவந்தால் கைக்கும். அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகம், கிள்ளிய செத்தல் மிளகாய் இரண்டு, நன்றாகப் பழுத்த தக்காளி நாலு, உப்பு. கால் மணித்தியாலம் விட்டால் தக்காளி குழைந்து எண்ணெய் பிரியும். இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறோம்; எண்ணெய் பிரியாமல் மீனைப் போட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான். பிரிந்த பிறகு மீனை அடுக்கி மூடி எட்டு நிமிடம். கரண்டி போடாதீர்கள், தாச்சியைப் பிடித்து ஆட்டினால் போதும். இறக்கிய பிறகுதான் தேசிப்புளி.

சிசிலித் தீவில் சூடையின் சாதி மீனையும் பெருஞ்சீரக இலையையும் சேர்த்துத்தான் சமைக்கிறார்கள். எங்கள் கறித்தூளைப் போட்டாலும் ருசிக்கும், ஆனால் அது மீன்குழம்பாகிவிடும்.

தேங்காயை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. தேங்காயெண்ணெயில் 80 வீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. சொதி, கறி, சம்பல் மூன்றிலும் தேங்காய் இருக்கிற தட்டில் ஏதாவது இரண்டையாவது மாற்றலாம் அல்லவா?

ஹமுஸ் (கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்த லெபனான் பக்கத்துத் துவையல்) செய்தால் மணல் மாதிரி வருகிறது. கடலை எவ்வளவு அவித்தாலும் உள்ளே கல். (சுன்னாகம்)

கடலையில் பிழையில்லை, உங்கள் கிணற்றில்தான். குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். தண்ணீரில் கல்சியம் கூட. அது கடலையின் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரவு ஊறவைக்கும்போது 200 கிராம் கடலைக்கு அரைத் தேக்கரண்டி அப்பச்சோடா போடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கழுவி, சேர்த்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் அதில் அவியுங்கள். விரல்களுக்கிடையில் நசித்தால் களியாக வர வேண்டும். சோடாவைக் கூட்டாதீர்கள்; ஒருமுறை நான் மேசைக்கரண்டியால் அள்ளிப் போட்டு வீடு முழுக்கச் சவர்க்கார மணம்.

எள்ளு வெள்ளையாக, தோல் நீக்கியதாக இருக்க வேண்டும். எள்ளுருண்டைக்கு வறுக்கிற மாதிரி வறுத்தால் கைக்கும், சூடேறினால் போதும். எள்ளை முதலில் தனியே அரைத்து, தேசிப்புளி, ஒரு பல் உள்ளி, குளிர்தண்ணீர் விட்டு அடித்த பிறகு கடலையைச் சூட்டோடு போட்டு அரையுங்கள். ரொட்டியோடும் வெள்ளரிக்காயோடும் நல்ல மதியச் சாப்பாடு.

காலை ஆறரைக்குக் கட்டினால் பன்னிரண்டரைக்குத்தான் திறப்பேன். பழுதாகாமல் என்ன கொண்டுபோகலாம்? (வங்கியில் வேலை செய்யும் தம்பி)

எங்கள் வெயிலில் தயிரும் மீனும் பெட்டியில் வேண்டாம், கந்தோரில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால் பார்க்கலாம். இரவே அவித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த கடலை, காலையில் வெட்டிய வெள்ளரி, மின்சி. தக்காளியை முழுதாகக் கொண்டுபோய் அங்கே வெட்டுங்கள். சின்ன வெங்காயத்தை உப்பும் தேசிப்புளியும் போட்டு ஒரு சின்னப் போத்தலில் தனியே எடுத்து, எண்ணெயையும் அதிலேயே விடுங்கள். சாப்பிடுகிற நேரம் குலுக்கி ஊற்ற வேண்டியதுதான். வெங்காயத்தின் காரமும் அதற்குள் அடங்கியிருக்கும், பின்னேரக் கூட்டத்தில் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம். ஒரு மலை சோறு இல்லாமல் சாப்பிட்ட மாதிரி இல்லை என்கிறார். (மானிப்பாய்)

தட்டில் அரைவாசி மரக்கறி, கால்வாசி மீன் அல்லது பருப்பு, மிச்சக் கால்வாசி குத்தரிசிச் சோறு. முதலில் மரக்கறியைச் சாப்பிடக் கொடுங்கள், சோறு கடைசியில். வல்லாரையை மெல்லிசாக அரிந்து தக்காளி, வெங்காயம், தேசிப்புளி, கொஞ்சம் அவித்த சாமை சேர்த்தால் லெபனான்காரரின் தபூலே என்கிற இலைச் சம்பலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். அதில் இலைதான் கூட, தானியம் பேருக்கு. ஒன்று முக்கியம்: இன்சுலினோ குளிசையோ எடுக்கிறவர் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சீனி கீழே இறங்கிவிடலாம். கிளினிக்கில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். சிறுநீரகத்திலும் பிரச்சினை இருந்தால் கடலை, தக்காளி அளவையும் கேளுங்கள்.

அவர்கள் சாப்பாட்டோடு வைன் குடிக்கிறார்களாமே. கள்ளுக்கும் அந்த நன்மை உண்டா? (பெயர் வேண்டாமாம்)

இல்லை ஐயா. வைனைக்கூட நன்மைக்காகத் தொடங்கச் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கள் வீட்டில் சைவம். மீன் இல்லாமல் என்ன செய்ய? (கொக்குவில்)

கிரேக்கரும் உங்களைப் போலத்தான். அவர்களுடைய ஓர்தொடொக்ஸ் திருச்சபையில் வருடத்தில் கிட்டத்தட்ட அரைவாசி நாள் விரதம். இறைச்சி, பால், முட்டை ஒன்றும் இல்லை. அந்த நாட்களுக்கென்றே எண்ணெயில் வேகும் மரக்கறிகள் வைத்திருக்கிறார்கள். எங்கள் பயற்றங்காய் அதற்கு அளந்து செய்தது போல.

அரைக் கிலோ பயற்றங்காயை விரல் நீளத்துக்கு முறித்து, ஒரு பம்பாய் வெங்காயம், நாலு தக்காளி, கால் கோப்பை எண்ணெய், உப்பு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டு மூடி, மெல்லிய நெருப்பில் முக்கால் மணித்தியாலம். தண்ணீர் அரைக் கோப்பைக்கு மேல் வேண்டாம். பச்சை நிறம் போய் மங்கிவிடும், பயப்படாதீர்கள். விரத நாளில் வெங்காயம் சேர்க்காதவர்கள் அதற்குப் பதில் கொஞ்சம் பெருஞ்சீரகம் போடலாம். சூடாகச் சாப்பிட வேண்டியதில்லை, ஆறின பிறகுதான் ருசி. சட்டியின் அடியில் நிற்கிற சிவப்பு எண்ணெயைத் துடைக்க ஒரு துண்டுப் பாண் எடுத்து வையுங்கள்.