இரண்டு நாளில் பதினேழு இடமா?

‘தில்லிக்குக் கிளம்புகிறீர்களா? கேளுங்கள்’ என்று ஆசிரியர் போன இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட்டாலும் போட்டார், கடிதங்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கிவிட்டன. நான் 1987-இல் கல்யாணமான கையோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் குதுப்மினார் காட்டுவது அன்றிலிருந்து என் தலையில்தான். பதில் சொல்ல எனக்கு இருக்கிற தகுதி அவ்வளவே.

கேள்வி: நான், கணவர், 68 வயது மாமியார், 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். அரையாண்டு விடுமுறையில் முதல் தடவையாகத் தில்லி வருகிறோம், நான்கு நாள். போக வர தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாயிற்று. டிராவல்ஸ்காரர் இரண்டு நாளில் பதினேழு இடம் காட்டுவதாகப் பட்டியல் கொடுத்திருக்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? தாஜ்மகாலும் பார்க்க வேண்டும். மாமியார் வெளியில் வெங்காயம், பூண்டு சாப்பிட மாட்டார். — ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பட்டியலில் இருப்பது பதினேழு இடமல்ல, பதினேழு வாகன நிறுத்தம். நானும் ஒரு தடவை நாத்தனார் குடும்பத்தோடு அப்படி ஒரு வேனில் ஏறியிருக்கிறேன். இந்தியா கேட்டில் இறங்கிப் படம் எடுக்க ஏழு நிமிடம் கொடுத்தார்கள். நடுவில் ‘அரசு கைவினைக் கடை’ என்று சொல்லி ஒரு சால்வைக் கடையில் மட்டும் ஒன்றேகால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். அது அரசுக் கடையும் இல்லை.

தில்லி ஒரே ஊர் இல்லை. குதுப்மினார் இருக்கிற மெஹ்ரோலிப் பக்கம் ஒரு பழைய ஊர், ஷாஜகான் கட்டியது இன்னொன்று, வெள்ளைக்காரன் கட்டியது வேறொன்று. ஒரு நாளைக்கு ஒரு தில்லி என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகளுக்கும் மனதில் நிற்கும், மாமியாரின் முழங்காலும் தாங்கும்.

முதலில் குளிரைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கடைசியில் இங்கே பனிமூட்டம் இறங்கும். காலை ஏழு மணிக்குப் பிறகுதான் விடியும், மாலை ஐந்தரைக்கு இருட்டிவிடும். ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அதனால் வந்து சேரும் நாளுக்கு எந்தத் திட்டமும் போடாதீர்கள். குளித்துச் சாப்பிட்டு, வெயில் இருந்தால் கர்தவ்ய பாதைக்குப் போய் நடந்துவிட்டு வாருங்கள். நம் வாயில் இன்னும் ராஜ்பாத்தான். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் இங்கே வந்து, தலைநகரை கல்கத்தாவிலிருந்து மாற்றப்போவதாக அறிவித்தார். கட்டி முடித்துத் திறப்பு விழா நடத்தும்போது 1931 ஆகிவிட்டது. அடுத்த பதினாறே வருடத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். இந்தியா கேட் சுவரில் போரில் இறந்த 13,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். பெரிய பையனை அருகில் போய் நாலு பெயராவது வாசிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது நாள் பழைய தில்லி. அது திங்கட்கிழமையாக இருந்தால் வேறு நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், செங்கோட்டைக்கு அன்று விடுமுறை. மெட்ரோவில் லால் கிலா நிலையத்தில் இறங்கினால் கோட்டைப் பக்கம்தான். 15 வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது, பிள்ளைகளின் ஆதார் கையில் இருக்கட்டும். உள்ளே திவான்-இ-காஸ் மண்டபத்தில் மயிலாசனம் இருந்தது என்பார்கள். 1739-இல் பாரசீக மன்னன் நாதிர்ஷா அதைத் தூக்கிக்கொண்டு போனான். இன்று வெறும் சலவைக்கல் மேடைதான். இந்தக் கோட்டைக்குள்தான் 1945-இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீது வழக்கு நடந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் எத்தனை பேர் அந்தப் படையில் போய்ச் சேர்ந்தார்கள்! நேதாஜிக்கு அங்கே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது, தவற விடாதீர்கள்.

வெளியே வந்தால் எதிரே சாந்தினி சௌக். ஷாஜகானின் மகள் ஜகானாரா அமைத்த கடைத்தெரு. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை கார், ஆட்டோ விடுவதில்லை. மாமியாருக்கு ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பிடியுங்கள், நீங்கள் நடந்து போங்கள். ஜைனக் கோயில், அதையொட்டிப் பறவைகளுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி, அப்புறம் கௌரிசங்கர் கோயில். இன்னும் கொஞ்சம் போனால் சீஸ்கஞ்ச் குருத்வாரா. 1675-இல் ஒளரங்கசீப் ஆணையால் சீக்கியர்களின் குரு தேக் பகதூரின் தலையை வெட்டிய இடம் அது. அதை ஒட்டியே பொன்னிறக் குவிமாடங்களோடு ஒரு சின்ன மசூதி. நாதிர்ஷா அங்கே உட்கார்ந்துதான் தன் படைகள் தில்லிவாசிகளை வெட்டிச் சாய்த்ததைப் பார்த்தான் என்பது இந்த ஊர் வரலாறு. கீழே ஜிலேபி வியாபாரம் நடக்கும். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கு ஜிலேபி இறங்கவில்லை. இப்போது இறங்குகிறது.

மாமியாரின் வெங்காயம், பூண்டுப் பிரச்சினைக்கு இந்தத் தெருவிலேயே வழி இருக்கிறது. பராட்டேவாலி கலி என்ற சந்துக்குள் போங்கள். அங்குள்ள பழைய கடைகளில் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைப்பதுதான் வழக்கம். எதற்கும் ஆர்டர் கொடுக்கும்போது ‘பியாஸ், லெஹ்சுன் நஹீ’ என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். பராட்டாவைத் தோசைக்கல்லில் போட மாட்டார்கள், நெய்ச் சட்டியில் போட்டுப் பொரித்து எடுப்பார்கள். ‘இது பூரிதானே?’ என்று என் மாமியார் கேட்டார், உங்கள் மாமியாரும் கேட்பார். ஆளுக்கு ஒன்றுக்கு மேல் சொல்லாதீர்கள்.

குளிர்காலத்தில் வருவதற்கு ஒரு லாபமும் உண்டு. தௌலத் கி சாட் என்று ஒன்று குளிர் மாதங்களில் மட்டும் விற்பார்கள். ஒரு பெரிய தட்டில் வெள்ளை மேகம் மாதிரி குவித்து, மேலே குங்குமப்பூ மஞ்சளைத் தடவி, மெல்லிய துணியால் மூடி வைத்திருப்பார்கள். பாலைக் கடைந்து எடுத்த வெறும் நுரை அது. இராத்திரிப் பனியில் வைத்தால்தான் நிற்குமாம். வாயில் போட்டால் கடிக்க ஒன்றும் இருக்காது, கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவுதான். சின்னவன் ‘ஒன்றுமே இல்லையே’ என்று சொல்லிவிட்டு இன்னொரு கிண்ணம் கேட்பான்.

மூன்றாவது நாள் காலை ஹுமாயூன் கல்லறை. என்னை ஒரே இடம் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். தாஜ்மகாலுக்கு அறுபது வருடம் மூத்தது. சிவப்புக் கல்லில் வெள்ளைச் சலவைக்கல் இழைத்த கட்டடம், நாலு பக்கமும் தோட்டம், நடுவில் மெல்லிய நீர்க்கால்கள். ஹுமாயூன் போர்க்களத்தில் சாகவில்லை. 1556-இல் புராணா கிலாவில் நூலகமாக வைத்திருந்த மண்டபத்தின் படிக்கட்டில் தடுக்கி விழுந்து இறந்தார். முகலாயர்களின் கடைசி மன்னர் பகதூர் ஷா 1857-இல் ஒளிந்திருந்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டதும் இங்கேதான். மேல் தளத்துக்குப் போகும் படிகள் செங்குத்தானவை. மாமியாரை ஏற்ற வேண்டாம், கீழே தோட்டத்து வெயிலில் உட்காரட்டும். குளிர்கால வெயிலில் சும்மா உட்கார்ந்து வேர்க்கடலை உரிப்பது தில்லிக்காரர்களின் தேசியத் தொழில்.

அன்று மாலை ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர். 1973-இல் கும்பாபிஷேகம் நடந்த சுவாமிநாதசுவாமி கோயில். கருங்கல் வாசலில் நின்று கந்தர் சஷ்டி கவசம் கேட்டால் மாமியாருக்கு ஊருக்கே போன மாதிரி இருக்கும்.

கடைசி நாள் ஆக்ரா. இங்கேதான் ஒரு சூட்சுமம். பலரும் ஆக்ரா போய்விட்டுத் தில்லிக்குத் திரும்பி வந்து சென்னை ரயில் ஏறுகிறார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கண்டோன்மெண்டிலும் நிற்கும், ஊர் திரும்பும்போது நள்ளிரவை ஒட்டி வரும். போர்டிங் ஸ்டேஷனை ஆக்ராவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு அதே டிக்கெட்டில் புதுதில்லியில் ஏற முடியாது, அதையும் மறக்காதீர்கள். காலையில் நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ், பனி இல்லாவிட்டால் 100 நிமிடப் பயணம். பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்டுக் கொண்டுபோய் ஸ்டேஷன் கிளோக் ரூமில் கொடுத்துவிடலாம். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, கதிமானும் அன்று ஓடாது. டிசம்பரில் ‘சூரிய உதயத்தில் தாஜ்’ என்று யாராவது ஆசை காட்டினால் மயங்காதீர்கள். அந்த நேரத்தில் பனிதான் தெரியும், தாஜ் தெரியாது. பதினொரு மணிக்கு மேல் போங்கள்.

குதுப்மினாரை விட்டுவிட்டேனே என்று பார்க்கிறீர்களா? நேரமும் காலும் மிச்சமிருந்தால் மூன்றாவது நாள் மதியம் சேர்த்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்காது.

கேள்வி: இந்தி சுத்தமாகத் தெரியாது. ஏமாற்றிவிடுவார்களோ என்று பயம். — ஒரு வாசகர், தேனி

பதில்: 1987-இல் எங்களையே ஏமாற்றினார்கள், சார். என் கணவருக்கு இந்தி தெரியும். ஸ்டேஷன் வாசலில் ஏறிய ஆட்டோக்காரர், நாங்கள் தங்க வேண்டிய விடுதித் தெருவில் ஊர்வலம், வழி மூடியிருக்கிறது என்றார். வேறொரு விடுதியில் கொண்டுபோய் இறக்கினார். இரண்டு மடங்கு வாடகை, வெந்நீர் கிடையாது. மறுநாள் போய்ப் பார்த்தால் அந்தத் தெருவில் ஊர்வலம் போன சுவடே இல்லை. இன்றைக்கும் அதே கதைதான், கூடுதலாக ‘உங்கள் ஹோட்டலோடு பேசுங்கள்’ என்று போனை நீட்டுகிறார்கள். மறுமுனையில் பேசுவது அவர்கள் ஆள். நீங்களாக எண்ணைப் போட்டு விடுதியோடு பேசுங்கள். புதுதில்லி ஸ்டேஷனில் அஜ்மேரி கேட் பக்கம் வெளியே வந்தால் மெட்ரோ இருக்கிறது, யாரோடும் பேச்சே வேண்டாம்.

மெட்ரோவில் அறிவிப்பு இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும். ‘தர்வாஜே பாயி தரஃப் குலேங்கே’, அதாவது கதவு இடது பக்கம் திறக்கும். இரண்டாவது நாளே அந்தக் குரலில் பேசிக் காட்டாத குழந்தையை நான் பார்த்ததில்லை. ஆண்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. என் மைத்துனர் தெரியாமல் ஏறி, அடுத்த நிலையம் வரும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டே வந்தார். அபராதமும் உண்டு.

கேள்வி: நேர்முகத் தேர்வுக்காக வருகிறேன். திங்கட்கிழமை ஒரு பகல் மட்டும் கையில் இருக்கிறது. எங்கே போகலாம், அம்மா? — ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: திங்கட்கிழமையா, தம்பி? செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் எல்லாமே மூடியிருக்கும். கவலை வேண்டாம், ஹுமாயூன் கல்லறையும் குதுப்மினாரும் எல்லா நாளும் திறந்திருக்கும். மதியம் பங்களா சாஹிப் குருத்வாராவில் தலையில் துணி கட்டிக்கொண்டு பந்தியில் உட்காருங்கள். ரொட்டி, பருப்பு, காசு கிடையாது. ரொட்டியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்க வேண்டும்.

கேள்வி: குதுப்மினாரின் மேலே ஏறியதாக அப்பா சொல்கிறார். நம்பலாமா? — ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: நம்பலாம், 1981-க்கு முன்னால் வந்திருந்தால். மொத்தம் 379 படி. அந்த வருடம் டிசம்பரில் உள்ளே விளக்கு அணைந்து, இருட்டில் நெரிசலாகி, நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலர் பள்ளிக் குழந்தைகள். அதற்குப் பிறகு யாரையும் ஏற விடுவதில்லை.

அப்பாவிடம் அதே வளாகத்தில் இருக்கிற இரும்புத் தூணைக் கட்டிப்பிடித்தாரா என்றும் கேளுங்கள். ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, 1,600 வருடம் வெயிலிலும் மழையிலும் நின்றும் துரு அரிக்காத தூண். இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் மேலே மெல்லிய படலம் உருவாகிக் காப்பாற்றுகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, கைகளைப் பின்னால் வளைத்து, விரல்கள் தொட்டால் நினைத்தது நடக்கும் என்பார்கள். என் மாமனாருக்குக் கை எட்டவில்லை. நான் இந்தப் பக்கம், கணவர் அந்தப் பக்கம் நின்று இழுத்துச் சேர்த்துவைத்தோம். 1997-இல் சுற்றிலும் வேலி போட்டுவிட்டார்கள். அத்தனை பேர் தேய்த்ததில் கை படும் உயரத்தில் மட்டும் தூண் பளபளவென்று இருக்கும், வேலிக்கு வெளியிலிருந்தே தெரியும்.

கேள்வி: ஊருக்கு என்ன வாங்கி வரலாம்? — ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: சாந்தினி சௌக்கின் கோடியில் ஃபதேபுரி மசூதியைத் தாண்டினால் காரி பாவ்லி, மசாலா மொத்த வியாபாரத் தெரு. மிளகாய் நெடியில் மூட்டை தூக்குகிறவர்களே தும்முவார்கள், முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள். உலர்ந்த அத்தி, பாதாம், கருஞ்சீரகம் எல்லாம் நல்லதாகக் கிடைக்கும். நான் ஊருக்கு வரும்போதெல்லாம் வாங்குவது ஹத்ராஸ் பெருங்காயம்தான், ஒரு சிட்டிகை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு நம் வீட்டுச் சாம்பார் தெரிந்துவிடும். கடைக்காரர் கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தை நம்பாமல் எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள். ஒரு தடவை நான் அப்படியே பையில் வைத்துவிட்டேன். போபால் வருவதற்குள் எதிர் சீட்டுக்காரர் வேறு பெட்டியில் இடம் கேட்டுப் போய்விட்டார்.